ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பந்து: மலையகத்தில் சிறுவர் உதைபந்தாட்டப் பயிற்சியைத் தொடங்குபவர்களுக்கு

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கலாம் என்று யாராவது கிளம்பினால், முதலில் வரும் பதில் "எங்கண்ணே நமக்குக் கிரவுண்ட்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்தப் பக்கம் போனாலும் சமதரை என்று இருந்ததெல்லாம் ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் பாதைக்கும் மரக்கறிக்கும் போய்விட்டது. மிச்சம் ஒரு கிரவுண்ட் இருந்தால் அதில் பெரிய பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஆனால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கிரவுண்ட் அவசரத் தேவை இல்லை. அதன் காலடியில் ஒரு பந்து வேண்டும். வாரத்தில் மூன்று நாள், முக்கால் மணி நேரம் வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர்களின் 90 நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையில் ஓடிக்கொண்டிருப்பது ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதை 22 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம்கூட வராது. ஞாயிற்றுக்கிழமை முப்பது பிள்ளைகளைக் கூட்டி ஒரே பந்தைப் போட்டு "விளையாடுங்கடா" என்று விட்டால் என்ன நடக்கும்? பலசாலியான நான்கு பையன்கள் பந்தோடு ஓடுவார்கள், மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் ஓடுவார்கள். ஓட்டம் பழகும், ஆட்டம் பழகாது. இதையே பயிற்சி என்று நினைத்து வருடக்கணக்கில் நடத்துகிற இடங்கள் நம் பக்கம் நிறைய.

இந்தக் கட்டுரை இதற்குமுன் யாருக்கும் பழக்கிய அனுபவம் இல்லாத அண்ணன்மார், அக்காமார், பெற்றோர், இளம் ஆசிரியர்களுக்காக. நீங்கள் நன்றாக விளையாடியவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பந்தை நேராகத் தட்டத் தெரிந்தால், பிள்ளைகள்மேல் பொறுமை இருந்தால், தொடங்கலாம்.

இடம் பார்த்தல்

பத்து மீற்றருக்குப் பதினைந்து மீற்றர் அளவில் ஓர் இடம் இருந்தால் எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்குத் தாராளம். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் உள்ள வெளி, பாடசாலை முற்றம், திருவிழாக் காலம் தவிர்ந்த நாட்களில் கோயில் முன்றில் என்று தேடினால் ஒன்று அகப்படும். இடம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவரிடம் வாயால் கேட்டதோடு நிற்காமல் ஒரு கடிதமும் கொடுத்து வையுங்கள். தோட்டத்து நிலமென்றால் தலைவரையும் கூட்டிக்கொண்டு போய் ஆபீசில் பேசுங்கள். பாடசாலையென்றால் அதிபர். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, பொறுப்பாக நிற்கும் பெரியவர்கள் யார் என்று மூன்று விசயங்கள் கடிதத்தில் இருந்தால் போதும். பிறகு யாராவது வந்து "யார் உங்களுக்கு பெர்மிசன் குடுத்தது?" என்று கேட்கும்போது அது கை கொடுக்கும்.

அடுத்து, அந்த இடத்தை ஒரு முறை மெதுவாக நடந்து பாருங்கள். போத்தல் ஓடு, கம்பித் துண்டு, மூடாத கான், உடைந்த சீமெந்து விளிம்பு ஆகியவைதான் முதல் எதிரிகள். பிறகு தலையை நிமிர்த்தி மரங்களையும் பாறை இடுக்குகளையும் பாருங்கள். குளவிக் கூடு இருந்தால் அந்த இடம் வேண்டாம். பந்து ஒருமுறை கூட்டில் பட்டால் போதும், அதன் விளைவு என்ன என்பது கொழுந்து எடுக்கும் வீடுகளில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரிவைப் பற்றி ஒரு யோசனை. கோலை எப்போதும் மேட்டுப் பக்கம் வையுங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். மண்மேட்டைப் பார்த்து அடித்தால் குறி தப்பிய பந்து உருண்டு திரும்பி வரும். பள்ளத்தைப் பார்த்து அடித்தால் பயிற்சியில் பாதி நேரம் தேயிலைக்குள் பந்து தேடுவதிலேயே போய்விடும். பள்ளத்து ஓரத்தில் மரக்கறித் தோட்டத்துக்குக் கட்டும் பழைய வலையை இடுப்பளவு உயரத்துக்குக் கட்டிவிட்டால் பந்தும் மிஞ்சும், நேரமும் மிஞ்சும். அதையும் தாண்டிப் போகிற பந்தை எடுக்கத் தனியாக ஒரு பிள்ளையை அனுப்பாதீர்கள், இரண்டு பேராகப் போகட்டும். பாதை ஓரமென்றால் ஒரு பெரியவர் பாதைப் பக்கம் நின்றே ஆக வேண்டும்.

பந்து

கடைக்குப் போய் "ஃபுட்போல் ஒன்று தாங்க" என்றால் பெரும்பாலும் 5ஆம் இலக்கப் பந்தைத்தான் எடுத்துத் தருவார்கள். அது பெரியவர்களின் பந்து: சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், எடை 410 முதல் 450 கிராம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பாரம். பாரமான பந்தை உதைக்க முடியாமல் பிள்ளை விரல் நுனியால் குத்தப் பழகும், அந்தப் பழக்கம் பிறகு லேசில் போகாது. எட்டு வயது வரை 3ஆம் இலக்கம், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 4ஆம் இலக்கம், பதின்மூன்றிலிருந்து 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கம் பந்தின்மேலேயே அச்சிட்டிருக்கும்.

ஆளுக்கொரு பந்து வாங்கப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். எல்லாம் நல்ல பந்தாக இருக்க வேண்டியதில்லை. நல்ல பந்து இரண்டு மூன்று இருந்தால் ஆட்டத்துக்கும் பாஸ் பழகவும் அது போதும். தனியாகப் பழகுவதற்கு ரப்பர் பந்து, காற்றுக் குறைந்த பழைய பந்து, டெனிஸ் பந்து எதுவும் ஆகும். டெனிஸ் பந்தை உள்ளங்காலால் உருட்டப் பழகிய பிள்ளைக்குப் பெரிய பந்து விளையாட்டுச் சாமான்தான். வீட்டுக்கு வீடு கேளுங்கள், மூலையில் கிடக்கிற பந்து ஒன்றிரண்டு வரும். ஆளுக்கொன்று கிடைக்கவே இல்லையென்றால் இரண்டு பேருக்கு ஒன்று. அதற்கு மேல் போனால் பிள்ளைகள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிடுவார்கள்.

காற்று நிரப்பும்போது ஊசியைத் தண்ணீரில் நனைத்துவிட்டுச் செருகுங்கள், காய்ந்த ஊசி வாயைக் கிழித்துவிடும். இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும், கல் மாதிரி இருக்கக் கூடாது. இதில் நம் ஊருக்கென்று ஒரு வேடிக்கை உண்டு. கொழும்பில் கெட்டியாக நிரப்பிய பந்தை 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவுக்குக் கொண்டு வந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அது இன்னும் இறுகும். விடியற்காலைக் குளிரில் அதே பந்து கொஞ்சம் தளரும். அதனால் எப்போது நிரப்பினோம் என்று யோசிக்காமல், ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் அமுக்கிப் பார்த்துவிடுவது நல்லது. நனைந்த பந்தைத் துடைத்து நிழலில் காயப் போடுங்கள். அடுப்புக்குமேல் வைத்தால் தையல் விட்டுவிடும்.

காலுக்கு

புல்லிலும் மண்ணிலும் வெறுங்காலோடு பழகுவதில் தப்பில்லை. பந்தைக் காலால் உணர அது உதவும் என்றுகூடச் சொல்வேன். இரண்டு நிபந்தனை: தரையை நீங்கள் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்திருக்க வேண்டும், பிள்ளைக்கு ஏற்புத் தடுப்பூசி ஒழுங்காகப் போடப்பட்டிருக்க வேண்டும். சிலர் பூட்ஸ், சிலர் வெறுங்கால் என்று கலந்து ஆட விடாதீர்கள், மிதிபட்ட விரல் ஒரு மாதத்தை விழுங்கும். எல்லோரும் கென்வஸ் சப்பாத்து, அல்லது எல்லோரும் வெறுங்கால். பூட்ஸ் வாங்க முடிந்தவர்கள் "அடுத்த வருசத்துக்கும் ஆகும்" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது வழக்கம். காலுக்குள் பூட்ஸ் ஆடினால் பந்து எங்கே படுகிறது என்றே பிள்ளைக்குத் தெரியாது. விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், அதற்கு மேல் வேண்டாம்.

எப்போது

மலையகத்துக்கு ஒரே கால அட்டவணை சரிவராது. ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியாப் பக்கம் மே கடைசியில் தொடங்கும் தென்மேல் பருவ மழை செப்டம்பர் வரை விடாது. பதுளை, ஊவாப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் வடகீழ் மழை. இரண்டுக்கும் நடுவே மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலையில் நல்ல வெயில், பின்னேரம் இடியும் மழையும். அதனால் அந்த மாதங்களில் சனி, ஞாயிறு காலை ஏழரை மணிக்கு வைத்துக்கொள்வது புத்தி. மற்றக் காலத்தில் கிழமை நாட்களில் நாலு மணி தோதானது. பாடசாலை விட்டு, சாப்பிட்டு, ரியூசன் இல்லாத நாளாகப் பார்த்து இரண்டு நாள். அப்புறம் சனிக்கிழமை ஒரு நாள். நாலேமுக்காலுக்கு முடித்துவிட்டால் மூடுபனி இறங்குமுன் எல்லோரும் வீட்டில்.

இடி விசயத்தில் மட்டும் பேரம் வேண்டாம். முதல் இடி கேட்டதும் நிறுத்துங்கள். மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வராதீர்கள்.

நாற்பத்தைந்து நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது

முதல் எட்டுப் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்க. வரிசையாக நிறுத்திக் கையைக் காலை ஆட்டச் சொல்வதைவிட ஓடிப்பிடித்து விளையாட விடுவது மேல். அதோடு ஒற்றைக்காலில் நிற்பது, ஒற்றைக்காலில் தாவி அசையாமல் இறங்குவது, முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகைபோல் பிடிப்பது, விழும்போது தோளை உருட்டி விழுவது ஆகியவற்றையும் சேருங்கள். ஃபிஃபா 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கென்று வகுத்த 'லெவன் பிளஸ் கிட்ஸ்' என்ற தயார்ப் பயிற்சியில் இப்படி ஏழு வகை உண்டு. ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் அதைச் செய்து பார்த்ததில் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. விழப் பழக்குவது பலருக்கு வேடிக்கையாகத் தெரியும். கல்லும் சரிவுமான நம் தரையில் அதுதான் முதலில் வேண்டியது.

அடுத்த பத்து நிமிடம் ஆளும் பந்தும் மட்டும். இதைத் தவற விடாதீர்கள். பந்தின்மேல் உள்ளங்காலை மாற்றி மாற்றி மெல்ல வைத்தெடுப்பது ஒன்று. இரண்டு காலின் உள்பக்கத்துக்கும் நடுவே பந்தை இங்கும் அங்கும் தட்டுவது இன்னொன்று. உள்ளங்காலால் பந்தைப் பின்னுக்கு இழுத்துத் திரும்புவது, பக்கவாட்டில் உருட்டுவது, காலின் வெளிப்பக்கத்தால் தள்ளிக்கொண்டு போய்ச் சட்டென்று உள்பக்கத்தால் வெட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கூட்டலாம். ஒரு நாளைக்குப் புதிதாக ஒன்று போதும். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு தலையை நிமிர்த்தி. தலை நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, நீங்கள் கையில் விரலைக் காட்டி "எத்தனை?" என்று கேட்பது. பந்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாத பிள்ளைக்குப் பதில் வராது. எல்லோரும் ஒரே கட்டத்துக்குள் தத்தம் பந்தைக் காப்பாற்றிக்கொண்டு மற்றவர் பந்தைத் தட்டிவிடுகிற விளையாட்டை வைத்தால் சிரிப்புச் சத்தத்தோடு இதே வேலை நடக்கும்.

சரிவு இங்கே உங்களுக்கு உதவிக்கு வரும். கீழ்நோக்கிப் பந்தைக் கொண்டு போகும்போது சின்னச் சின்னத் தட்டாகத் தட்டாவிட்டால் பந்து ஓடிப்போய்விடும், அதனால் பந்தைக் காலோடு வைத்திருக்கப் பிள்ளை தானாகப் பழகும். மேல்நோக்கி பாஸ் கொடுக்கும்போது எவ்வளவு பலம் வேண்டும் என்று கணிக்கப் பழகும். ஐந்து நிமிடத்துக்கொரு முறை பக்கத்தை மாற்றுங்கள். கீழ்நோக்கிக் கடும் வேகத்தில் ஓடும் போட்டி மட்டும் வேண்டாம், முழங்கால் தாங்காது.

பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடம் பாஸ் கொடுப்பதும் வாங்குவதும். நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் அதிகம் காணும் குறை இதில்தான். உதைக்கிற பலம் இருக்கிறது, ஓடுகிற மூச்சு இருக்கிறது, வருகிற பந்தைக் காலில் அடக்கத் தெரியவில்லை. ஆகவே இதில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாஸ் கொடுக்கும்போது ஊன்றுகிற காலைப் பாருங்கள். அது பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில், பந்து போக வேண்டிய திசையைப் பார்த்து இருக்க வேண்டும். தட்டுகிற காலை வெளிப்பக்கம் திருப்பி, விரலை மேலே தூக்கி, கணுக்காலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். காலின் உள்பக்கத்தில் பள்ளமாக இருக்கும் இடம் பந்தின் நடுவில் பட வேண்டும். பந்து துள்ளினால் கீழே பட்டிருக்கிறது என்று அர்த்தம். கோணலாகப் போனால் பெரும்பாலும் ஊன்றிய கால் கோணல். குறையைக் கண்டுபிடிக்கத் தட்டுகிற காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது புதிதாகப் பழக்குகிறவர்களின் வழக்கம். ஊன்றிய காலைப் பாருங்கள், பாதி விடை அங்கே இருக்கும்.

வாங்கும்போது கால் கல்சுவர் மாதிரி நிற்கக் கூடாது. பந்து படும் கணத்தில் கால் பந்தோடு கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். இது பிடிபட்டதும் அடுத்த பாடம்: பந்தை அப்படியே நிறுத்தாமல், அடுத்து எங்கே போகப் போகிறோமோ அந்தப் பக்கம் ஓரடி தள்ளி அடக்குவது. இதற்குப் பந்து வருமுன்பே தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். பத்து வயதில் இந்தத் திரும்பிப் பார்த்தலைப் பழக்கிவிட்டால், பிறகு அந்தப் பிள்ளை எந்த அணியில் நின்றாலும் வித்தியாசம் தெரியும்.

துணைக்கு ஆள் இல்லாவிட்டால் கல்கட்டு இருக்கிறது. பாதையோரத்தில், லயத்து வீடுகளுக்குப் பின்னால், மண் சரியாமல் இருக்கக் கட்டிய கல்கட்டு இல்லாத தோட்டம் ஏது? மூன்று மீற்றர் தள்ளி நின்று வலக்காலால் இருபது, இடக்காலால் இருபது. கற்களின் மேடுபள்ளத்தில் பட்டுப் பந்து நினையாத பக்கம் எல்லாம் திரும்பி வரும், அதுவும் ஒரு பழக்கம்தான். யாராவது குடியிருக்கும் வீட்டுச் சுவரில் அடிக்க விடாதீர்கள். ஒரே வாரத்தில் உங்கள் பயிற்சிக்கு எதிராக மனு போய்விடும்.

கடைசிப் பதினைந்து நிமிடம் ஆட்டம். மூன்றுக்கு மூன்று அல்லது நாலுக்கு நாலு. எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் இரண்டு ஆட்டமாகப் பிரியுங்கள். இரண்டு உரச்சாக்கு அல்லது பாடசாலைப் பையை ஒன்றரை மீற்றர் இடைவெளியில் வைத்தால் கோல், கோல்காப்பாளர் வேண்டாம். இங்கிலாந்தில்கூடப் பதினொருவர் ஆட்டம் நெடுங்காலமாகப் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்துதான் தொடங்கியது; அதற்குக் கீழே ஐந்து, ஏழு, ஒன்பது பேர் என்று படிப்படியாகக் கூட்டினார்கள். ஆட்டம் நடக்கும்போது நடுநடுவே நிறுத்திப் பாடம் எடுக்காதீர்கள். ஒருவனே பந்தை வைத்துக்கொண்டிருந்தால் "இந்த ஆட்டத்தில் எல்லோர் காலிலும் பட்ட பிறகு போட்டால்தான் கோல்" என்று ஒரு விதி போடுங்கள். இடக்கால் கோலுக்கு இரண்டு புள்ளி என்றால், அன்று எல்லோரும் இடக்காலைத் தேடுவார்கள்.

தலையால் அடிப்பது

பன்னிரண்டு வயதுக்குள் இதைப் பழக்க வேண்டாம். அமெரிக்காவில் 2015இல் பத்து வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகள் தலையால் அடிப்பதைத் தடுத்தார்கள். இங்கிலாந்தில் 2020இல் ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளே ஆசைப்பட்டுக் கேட்பார்கள். "பிறகு பழகலாம்" என்று சொல்லிவிட்டுப் பந்தைத் தரையில் போடுங்கள்.

வயதுக்கு ஏற்றபடி

ஐந்து முதல் எட்டு வரையுள்ள குட்டிகளுக்கு அரை மணி நேரம் போதும், எல்லாமே விளையாட்டாக இருக்க வேண்டும். "பாஸ் பண்ணுடா" என்று அவர்களிடம் கத்துவது வீண். அந்த வயதில் பந்து "என்னுடையது", அது இயற்கை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரைதான் காலில் வித்தை ஏறும் பருவம். உங்கள் உழைப்பில் பெரும்பங்கை இங்கே போடுங்கள். பதின்மூன்றுக்கு மேல் திடீரென்று உயரம் கூடும். நேற்று நன்றாக ஆடியவன் இன்று கால் தடுக்கி விழுவான், முழங்காலுக்குக் கீழே வலி என்பான். அவனைத் திட்டாமல் ஓட்டத்தைக் குறைத்துக் கொடுங்கள், சில மாதங்களில் சரியாகிவிடும். வலி விடாமல் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

எப்படிப் பேசுவது

குறைவாக. ஒரு பயிற்சியை விளக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால் வாயால் சொல்வதை விட்டுவிட்டுச் செய்து காட்டுங்கள். உங்களுக்கு வராவிட்டால் வருகிற ஒரு பிள்ளையைச் செய்யச் சொல்லுங்கள். "கெட்டிக்காரன்" என்று பொதுவாகப் பாராட்டுவதைவிட, "இப்ப திரும்பிப் பார்த்திட்டு வாங்கினாய் பார், அதுதான் வேணும்" என்றால் பிள்ளைக்கு எது சரி என்று தெரியும். பிந்தி வந்தவனுக்கு மலை ஏறி இறங்கும் தண்டனை கொடுப்பது இங்கே பலருக்குப் பழக்கம். வீட்டில் தண்ணீர் எடுத்து, தம்பியைப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைமடுவத்திலிருந்து கூட்டி வந்து, அப்புறம் வருகிற பிள்ளைக்குப் பிந்தாமல் எப்படி இருக்கும்? வந்ததும் பந்தைக் கொடுங்கள்.

பெற்றோரிடம் தொடங்குமுன்பே ஒரு முறை உட்கார்ந்து பேசுவது நல்லது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வருடமென்றால் பயம் இருக்கவே செய்யும். கிழமைக்கு மூன்று தரம், முக்கால் மணி நேரம், சொன்ன நேரத்துக்கு வீட்டில் என்று சொல்லுங்கள். சொன்னபடி அனுப்பவும் செய்யுங்கள். முதல் மாதத்தில் நேரம் தவறாமல் இருந்தால் இரண்டாம் மாதம் அம்மாமாரே தண்ணீர்ப் போத்தலோடு அனுப்பி வைப்பார்கள்.

பொம்பிளைப் பிள்ளைகளைக் கூப்பிடாமலே "அவங்க வரமாட்டாங்க" என்று சொல்லிவிடுவது சுலபம். கூப்பிட்டால் வருவார்கள். தயக்கம் பெரும்பாலும் நேரத்தையும் உடையையும் யார் கூட நிற்கிறார்கள் என்பதையும் பற்றித்தான். வெளிச்சம் இருக்கும்போதே முடிப்பது, டிராக் பொட்டம் போட்டு ஆடலாம் என்று சொல்லிவிடுவது, ஓர் அக்காவோ அம்மாவோ கூடவே நிற்பது, லயம் வரை கூட்டமாக அனுப்புவது ஆகியவற்றைச் செய்தால் பாதித் தடை விலகும். பத்துப் பதினொரு வயது வரை பையன்களோடு சேர்த்தே ஆட விடலாம்.

ஒரு விதியை எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள்: பயிற்சியில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். ஒருவருக்கு அவசரம் வந்தாலும், ஒரு பிள்ளைக்கு அடிபட்டாலும், ஊரில் யாரும் வாய் திறக்க இடமில்லாமல் இருக்கவும் அது வேண்டும்.

தண்ணீர், சாப்பாடு, காயம்

குளிரில் தாகம் தெரியாது, ஆனால் வியர்வை போகும். கொதித்தாறிய தண்ணீரைப் பிள்ளை தன் போத்தலில் கொண்டு வரட்டும், பதினைந்து நிமிடத்துக்கொரு முறை இரண்டு மிடறு குடிக்கட்டும். காலைப் பயிற்சிக்கு வெறும் பிளேன்டீயோடு வருகிற பிள்ளைகள் இருப்பார்கள். தொடங்குமுன் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். பாதி ரொட்டி, ஒரு வாழைப்பழம் என்று உங்கள் பையில் ஏதாவது இருக்கட்டும்.

சுளுக்கு விழுந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சுற்றிக் காலைத் தூக்கி வையுங்கள். நம் பக்கத்துக்கு அதற்குப் பஞ்சமில்லை, பீலித் தண்ணீரே ஐஸ் மாதிரிதான் வரும். உடனே எண்ணெய் போட்டு நீவுவது நம் வழக்கம். முதல் இரண்டு மூன்று நாளுக்கு அதைச் செய்யாதீர்கள், வீக்கம் கூடும். காலை ஊன்றவே முடியாவிட்டால் ஆஸ்பத்திரி. தலையில் அடிபட்ட பிள்ளை "எனக்கு ஒண்ணுமில்ல" என்றாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. வாந்தி, கடும் தலைவலி, குழறல், தூக்கக் கலக்கம் எது வந்தாலும் தாமதிக்காமல் கொண்டு போங்கள்.

முன்னேற்றத்தைப் பார்க்க

ஒரு கொப்பி போடுங்கள். மாதத்துக்கு ஒரு முறை மூன்றே மூன்று சோதனை: அரை நிமிடத்தில் பந்தின்மேல் உள்ளங்காலை எத்தனை முறை மாற்றி வைக்கிறான், ஒரு நிமிடத்தில் கல்கட்டில் இரண்டு காலாலும் தனித்தனியாக எத்தனை பாஸ், ஓரடி இடைவெளியில் வைத்த ஐந்து போத்தல்களைச் சுற்றிப் போய்வர எத்தனை விநாடி. பிள்ளையின் இந்த மாதக் கணக்கை அதே பிள்ளையின் போன மாதக் கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். அடுத்தவனோடு ஒப்பிட்டுச் சத்தமாக வாசித்தால், மெதுவாகப் பழகுகிற பிள்ளை அடுத்த வாரம் வராது. மெதுவாகப் பழகியவன் பதினைந்து வயதில் எல்லோரையும் முந்துவது விளையாட்டில் சாதாரணம்.

மழை மாதங்களில்

ஹட்டன் பக்கத்து ஜூலையில் இரண்டு வாரம் வெளியே கால் வைக்க முடியாது. அப்போது பயிற்சி வீட்டின் முன் விறாந்தையான இஸ்தோப்புக்கு வந்துவிடும். பழைய காலுறைக்குள் துணியை அடைத்துக் கட்டிய பந்து சத்தம் போடாது, எதையும் உடைக்காது. உள்ளங்கால் மாற்றி வைப்பது, இரண்டு காலுக்கு நடுவே தட்டுவது, பின்னுக்கு இழுப்பது எல்லாவற்றுக்கும் இரண்டடிச் சதுரம் போதும். நாளுக்குப் பத்து நிமிடம் என்று வீட்டு வேலையாகக் கொடுத்து, செய்த நாளுக்குக் கொப்பியில் அம்மாவிடம் ஒரு கையெழுத்து வாங்கி வரச் சொல்லுங்கள்.

அடுத்த படி

பதின்மூன்று வயது தாண்டி ஒரு பிள்ளைக்குக் காலில் விசயம் இருக்கிறது என்று தெரிந்தால் தோட்டத்துக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள். முதலில் பாடசாலையின் விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம் பேசி அணித் தெரிவுக்கு அனுப்புங்கள். பாடசாலையில் அணியே இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார். பக்கத்தில் எந்தக் கழகம் இளையோரைச் சேர்க்கிறது, எப்போது போட்டி என்று அவரிடம் கேட்கலாம். போகும்போது பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், வயதுப் பிரிவுக்கு முதலில் அதைத்தான் கேட்பார்கள். டவுனுக்குப் போய்வர பஸ் காசும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதும் தெரிவு நாளுக்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டியவை.